கலைந்த கூடம்

2025-ஆம் ஆண்டுத் தீபாவளி விடுமுறையில் என் தங்கை மகன் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தான். படிவம் மூன்றில் பயிலும் பிள்ளை. முறுக்குத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மடிக்கணினியை விட்டு அசையாமல் அமர்ந்திருந்தான். எட்டிப் பார்த்தேன். திரையில் யானைகள் அணிவகுத்தன. சுருள்வாள் ஏந்திய வீரர்கள் விரைந்தனர். மரக்கலங்கள் கரையை நெருங்கின. "என்னப்பா இது?" என்றேன். "இராஜேந்திர சோழன், மாமா. அந்தக் கப்பலுக்குத் திரிசடை என்று பெயர்" என்றான், தலையை நிமிர்த்தாமலே.

முப்பது ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளிகளில் பாடம் சொல்லி வருகின்றேன். 1025-ஆம் ஆண்டில் கடல் கடந்து கடாரம் கொண்டவனைப் பற்றி நான் சொன்னபோது என் மாணவர் எவரும் அவ்வளவு ஆழ்ந்த முகத்தோடு கேட்டதில்லை. சிறிது பொறாமையாகவே இருந்தது. "இதைச் செய்தவர் யார்?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. விடை வேறிடத்திலிருந்து வந்தது.

என் பழைய மாணவன் ஒருவன் பலகாரம் உண்டுகொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். முப்பது வயதை நெருங்கியவனை 'அவன்' என்று எழுதுவது முறையா என்று சிலர் கேட்கலாம்; ஆறாம் ஆண்டில் எனக்காகக் கரும்பலகையில் மலாயாவின் வரைபடத்தை ஒரே கோட்டில் வரைந்து காட்டியவனை வேறு எப்படி எழுதுவது? வெளிநாட்டு நிறுவனங்களின் கணினி விளையாட்டுகளுக்கு ஓவியம் தீட்டும் அலுவலகம் ஒன்றில், கோலாலம்பூரில், அவன் ஏழாண்டுகள் பணிசெய்தான். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு காலைப்பொழுதில் அந்த அலுவலகம் மூடப்பட்டது. வாங்கி நடத்தியவர்கள் வேறு நாட்டில் இருந்தார்கள். செய்தி மின்னஞ்சலில் வந்ததாம்.

"இதை முதலில் படைத்தவர்களின் கூடத்தை மூடிப் பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன, ஐயா" என்றான் அவன். பிறகு சற்றுத் தயங்கி, "வேலையைச் செம்மையாகச் செய், உன்னை யாரும் அசைக்க முடியாது என்று வகுப்பில் சொல்வீர்களே. நாங்கள் செம்மையாகத்தான் செய்தோம்" என்றான்.

குற்றஞ்சாட்டும் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு மறுமொழி கூற இயலவில்லை. அவன் சென்ற பிறகு அவன் சொன்ன பெயர்களைக் குறித்துக்கொண்டு பல நாள் இரவில் அமர்ந்து படித்தேன். நான் வணிகம் அறிந்தவன் அல்லேன். பயிற்சிக் கல்லூரியில் பாடத்திட்டம் வகுக்கக் கற்றேனேயன்றிப் பங்குச்சந்தை கற்கவில்லை. ஆயினும் ஓர் ஆசிரியனுக்கு விளங்காத கணக்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் 1990-களின் நடுவில் சிலர் கூடி ஒரு படைப்புக்கூடத்தைத் தொடங்கினர். அத்துறையினர் ஸ்டூடியோ என்பர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் என்சம்பிள். பலர் ஒன்றாய் இசைக்கும் குழு என்பது அச்சொல்லின் பொருள். 1997-இல் ஏஜ் ஆப் எம்பையர்ஸ் என்ற விளையாட்டையும், 1999-இல் அதன் இரண்டாம் பாகத்தையும் அவர்கள் படைத்தனர். வெளியிட்டது மைக்ரோசாப்ட். 2001-இல் அந்நிறுவனம் கூடத்தையே விலைக்கு வாங்கிற்று.

நன்றாக நடக்கும் கூடத்தை ஏன் விற்க வேண்டும் என்ற ஐயம் எனக்கு முதலில் எழுந்தது. ஒரு நாவலை ஒருவர் தம் வீட்டு மேசையில் எழுதிவிடலாம். கணினி விளையாட்டு அவ்வாறன்று. நிரல் எழுதுவோர், ஓவியர், இசையமைப்போர், பிழை தேடுவோர் என்று பலருக்கு மூன்று நான்கு ஆண்டுகள் மாதந்தோறும் சம்பளம் தரவேண்டும். வெளிவரும்வரை ஒரு காசு வருவாய் இல்லை. எனவே வெளியீட்டு நிறுவனம் முன்பணம் தருகின்றது. விற்பனை தொடங்கியதும் அம்முன்பணத்தைக் கழித்துக்கொண்ட பிறகே படைத்தவர்களுக்குரிய பங்கு வரத் தொடங்கும். அதற்குள் அடுத்த ஒப்பந்தம் கையில் இல்லையெனில், வெற்றிபெற்ற கூடம்கூட மறு மாதச் சம்பளத்திற்குத் திண்டாடும். தோட்டத்து மளிகைக் கடையில் கடன் எழுதி வாழ்ந்த குடும்பங்களில் பிறந்த எம்போன்றோர்க்கு இந்த நிலை புதிதன்று. சம்பள நாளில் கைக்கு வருவதற்கு முன்னரே கடைக்காரர் ஏட்டில் அது கழிந்திருக்கும். இப்படி ஆண்டுதோறும் அஞ்சி வாழ்வதைவிட ஒரு பெரிய நிறுவனத்தின் கீழ் ஒதுங்குவது மேல் என்று உரிமையாளர்கள் எண்ணுவதில் வியப்பில்லை. அவர்களுக்குப் பெரும்பணமும் கிடைக்கின்றது. ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும்: விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திடுவோர் சிலர், அதன் விளைவை ஏற்போர் பலர். விற்றவர்களைக் குற்றமற்றவர்களாகக் காட்டும் எழுத்துகளை நான் படித்தேன். அவற்றோடு என்னால் முழுதும் உடன்பட முடியவில்லை.

இனி வாங்கியவர் பக்கம் வருவோம். கூடத்தை வாங்கிய அதே 2001-ஆம் ஆண்டு நவம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பெட்டி அது. என்சம்பிள் கூடத்தார் வல்லவராயிருந்ததோ மேசைக் கணினியில், சுட்டியைப் பிடித்துப் படை நடத்தும் ஆட்டம். நாளடைவில் நிறுவனத்தின் கருத்து பெட்டியின் பக்கம் சாய்ந்தது. பெட்டிக்கு ஏற்றதொரு போர் விளையாட்டைக் கூடத்தார் தாமே முயன்றபோது, புகழ்பெற்ற ஹேலோ கதையுலகை அதில் புகுத்தும்படி மேலிடம் கேட்டது. அவர்கள் வேறாகத் திட்டமிட்டிருந்த பெரிய இணைய விளையாட்டு கைவிடப்பட்டது. 2008 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது: கையிலுள்ள ஹேலோ வார்ஸ் முடிந்தவுடன் கூடம் மூடப்படும். தாம் இருக்கும் கூரை பிரிக்கப்படப் போவதை அறிந்தும் அவர்கள் அந்த வேலையை முடித்துக் கொடுத்தார்கள். 2009 சனவரியில் கதவு சாத்தப்பட்டது.

இவ்விடத்தை நான் இருமுறை படித்தேன். பணி முடியும் நாளை அறிந்துகொண்டே ஆண்டிறுதித் தேர்வுத் தாள்களைத் திருத்தி அடுக்கிவைத்துச் சென்ற தற்காலிக ஆசிரியர் சிலரை நான் அறிவேன். அத்தாள்களில் ஒரு மதிப்பெண்ணும் தவறியிராது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் ஒரு நிறுவனத்தின் செயல் என்று விட்டுவிடலாம். முடியவில்லை. கலைந்தவர்களில் ஒரு பகுதியினர் அதே டல்லாஸ் வட்டாரத்தில் போன்பயர் என்ற புதிய கூடத்தை அமைத்தனர். அப்போது பேஸ்புக்கில் ஆடும் விளையாட்டுகளால் கொழித்துக்கொண்டிருந்த சிங்கா நிறுவனம் 2010-இல் அதை வாங்கியது. 2011-இல் அவர்கள் கேசல்வில் என்ற விளையாட்டைப் படைத்துக் கொடுத்தார்கள். ஆனால் மக்கள் கணினியை விட்டுக் கைத்தொலைபேசிக்கு நகர்ந்தார்கள். சிங்காவின் வருவாய் சரிந்தது. 2013 சூனில் அந்நிறுவனம் 520 பேரை ஒரே நாளில் விலக்கியபோது டல்லாஸ் அலுவலகமும் மூடப்பட்டது. அங்கிருந்து வெளியேறியவர்கள் அதே ஆண்டில் பாஸ் பைட் என்று மற்றொரு கூடம் கண்டனர். சந்தாதாரர்களுக்குத் திரைப்படத்தோடு விளையாட்டும் தரலாம் என்று எண்ணிய நெட்பிளிக்ஸ் 2022-இல் அதை வாங்கியது. ஸ்குவிட் கேம் தொடரை ஒட்டி அவர்கள் படைத்த விளையாட்டு 2024 டிசம்பரில் வெளிவந்தது. 2025 அக்டோபரில், என் தங்கை மகன் எங்கள் வீட்டில் மடிக்கணினியோடு அமர்ந்திருந்த அதே மாதத்தில், அக்கூடமும் மூடப்பட்டது.

மூன்று முறை! என்சம்பிளில் தொடங்கி மூன்று கூடங்களிலும் தொடர்ந்து இருந்தவர்கள் சிலர் உண்டு. மூன்று முறையும் வாங்கியவர் வேறு. அவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று எவரும் சொல்லவில்லை. முதலாமவர் பெட்டியை நோக்கிப் போனார். இரண்டாமவர் பேஸ்புக்கோடு எழுந்து அதனோடு தளர்ந்தார். மூன்றாமவர் கைப்பேசி விளையாட்டில் வைத்த நம்பிக்கையைத் தொலைக்காட்சித் திரையின் பக்கம் மாற்றிக்கொண்டார். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு பழைய சாலையோரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கு நேர்ந்ததை என் வயதினர் கண்டிருக்கின்றோம். கறியின் சுவை குறைந்ததனால் பேருந்துகள் நிற்காமற் போகவில்லை. சாலை வேறு பக்கம் போய்விட்டது. கடைக்காரருக்கும் இந்தக் கூடத்தாருக்கும் வேறுபாடு ஒன்று உண்டு: கடைக்காரர் கடையை மூடினாலும் பெயர்ப்பலகையைக் கழற்றி வேறு ஊருக்கு எடுத்துச் செல்லலாம். இவர்களால் அது முடியாது. படைப்பின் பெயரும் உரிமையும் வாங்கியவரிடம் தங்கிவிடும்.

மூடுவதை இவ்வளவு எளிதாக்குவது இதுதான் என்று நான் கருதுகின்றேன். ஓர் ஆலையை மூடினால் பொறிகள் துருப்பிடிக்கும். தோட்டத்தைக் கைவிட்டால் மரங்கள் காடாகும். படைப்புக்கூடத்தை மூடினால், கணக்கேட்டின்படி, இழப்பது ஒன்றும் இல்லை. சம்பளச் செலவு அன்றே நின்றுவிடுகின்றது, விளையாட்டின் பெயரோ அப்படியே இருக்கின்றது. பிறகு வேறு எவரிடமாவது கொடுத்து அடுத்த பாகத்தைச் செய்யச் சொல்லலாம். அவ்வாறே செய்தார்கள். ஏஜ் ஆப் எம்பையர்சின் நான்காம் பாகத்தை 2021-இல் படைத்தது வேறொரு கூடம். இரண்டாம் பாகத்தை உயிரோடு வைத்திருந்தவர்களோ, ஆட்டத்தின்மேல் கொண்ட பற்றினால் தாமாகவே புதுப்பகுதிகள் சேர்க்கத் தொடங்கிப் பின்னர் அதிகார முறையில் அப்பணியைப் பெற்ற இரசிகர் குழுவினர். 2016-இல் மலாயரும், 2022-இல் திராவிடர் என்ற பெயரில் நம்மவரும் அந்த ஆட்டத்திற்குள் வந்தது அவ்வழியேதான். இராஜேந்திரனைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமானால் அவர்களுக்கே சொல்லவேண்டும். முதலில் அரங்கத்தை எழுப்பியவர்களோ அப்போது வேறொரு நிறுவனத்தின் கீழிருந்தார்கள்.

கணக்கியலில் நற்பெயர் என்றொரு சொல் உண்டு. ஒரு நிறுவனத்தின் நாற்காலி, மேசை, உரிமை ஆகியவற்றின் மதிப்பைவிட மிகுதியாக விலை கொடுக்கும்போது அந்த மிகுதியை இப்பெயரில் ஏட்டில் ஏற்றுவர். வாங்கியவரின் எதிர்பார்ப்புக்கு இட்ட பெயர் அது. எதிர்பார்ப்பு பொய்த்தால் ஒரு கோடு போட்டு அடித்துவிடலாம். வெவ்வேறு திறமையுடையோர் ஒரே அறையில் பத்தாண்டு சண்டையிட்டுப் பழகி, ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடிக்கக் கற்றுக்கொண்டார்களே, அதற்கு அவ்வேட்டில் தனியிடம் இல்லை. ஆனால் வாங்கப்பட்ட பொருள் உண்மையில் அதுதான்.

பெரிய நிறுவனத்தாருக்கு இது தெரியாது என்று சொல்லவும் இயலாது. இங்கிலாந்தின் கில்போர்டு நகரில் இருந்த லயன்ஹெட் என்ற கூடத்தை மைக்ரோசாப்ட் 2006-இல் வாங்கி 2016-இல் மூடிற்று. பல ஆண்டுகள் கழித்து, 2021-இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில், அப்போது எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராயிருந்த பில் ஸ்பென்சர் அதை நினைவுகூர்ந்தார். கூடம் எதில் சிறந்ததோ அதை வளர்க்கத் துணைநிற்பதே வாங்கியவர் வேலை. தம் வேலையை விரைவுபடுத்த அதைப் பயன்படுத்துவதன்று என்னும் கருத்துப்படப் பேசினார். படித்தபோது இவர் நம் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளராக வந்திருக்கலாமே என்று எண்ணினேன். அதே ஆண்டில் அவருடைய நிறுவனம் 750 கோடி டாலருக்கு ஒரு பெருங்குழுமத்தை வாங்கியிருந்தது. அதனுள் டோக்கியோவின் டேங்கோ கேம்வொர்க்ஸ் என்ற கூடமும் இருந்தது. 2023 சனவரியில் அக்கூடத்தார் ஹை-பை ரஷ் என்ற விளையாட்டை வெளியிட்டனர். அசைவூட்டக் கலைக்காகப் பிரிட்டனின் பாப்டா விருது அதற்குக் கிடைத்தது. 2024 மே மாதம் கூடத்தை மூடுவதாக அறிவித்தார்கள்.

பாராட்டப்பட்ட படைப்பைத் தந்தவர்களையே ஏன்? சந்தா முறையில் ஓர் ஆட்டம் விற்கும் எண்ணிக்கையைவிட அது எத்தனை சந்தாதாரரை நிறுத்திவைக்கின்றது என்பதே கணக்கு. அக்கணக்கில் பாராட்டு ஏறுவதில்லை. அதோடு காலமும் மாறியிருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மக்கள் வீட்டில் அடைபட்டிருந்தபோது விளையாட்டு விற்பனை பெருகியது. வட்டி மிகக் குறைவு. வாங்குவது எளிதாக இருந்தது. 2022-க்குப் பின் வட்டி ஏறியது. சுவீடனின் எம்பிரேசர் குழுமம் பல கூடங்களை அடுத்தடுத்து வாங்கிக் குவித்திருந்தது. 200 கோடி டாலருக்கும் மேல் வருமென எதிர்பார்த்த ஓர் ஒப்பந்தம் 2023 மே மாதம் கைநழுவியது. மூன்று மாதத்தில், 1993-இலிருந்து இயங்கிவந்த வொலிஷன் என்ற கூடத்தை அக்குழுமம் மூடிற்று. பெரிய வீட்டுத் திருமணத்திற்கு வாங்கிய கடனை அடைக்கத் தொழுவத்து மாடு விற்கப்படுகின்றது.

எல்லாக் கூடங்களுக்கும் இதே முடிவு என்று எழுதினால் அது நேர்மையாகாது. என்சம்பிள் விற்கப்பட்ட அதே 2001-இல் சோனி நிறுவனம் நாட்டி டாக் என்ற கூடத்தை வாங்கியது. அக்கூடம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புகழ்பெற்ற ஆட்டங்களைத் தொடர்ந்து தந்தது. டேங்கோவையும் 2024 ஆகஸ்டில் கொரியாவின் கிராப்டன் நிறுவனம் ஏற்று, ஹை-பை ரஷ் உரிமையையும் பெற்றுக்கொண்டது. ஆனால் என் மாணவனிடம் இவற்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்ச்சி பெறாத பிள்ளையிடம் பக்கத்து வகுப்பில் ஒருவன் தேறிவிட்டான் என்று சொல்வதுபோல் அது இருக்கும்.

அவனிடம் சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது. அவனுக்குத் தெரியாததன்று, நான்தான் மறந்திருந்தேன்.

அவன் ஆறாம் ஆண்டில் பயின்றபோது நான் அப்பள்ளியின் துணைத் தலைமையாசிரியன். மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து மாணவர் நாடகக் குழு ஒன்றை நடத்திவந்தார்கள். ஒருவர் உரையாடல் எழுதுவார். ஒருவர் பிள்ளைகளைப் பேசப் பழக்குவார். மூன்றாமவர் காட்சி அமைப்பார். சிற்றுண்டிச்சாலை அம்மையார் ஆடை தைத்துக் கொடுப்பார். மாவட்ட அளவில் இரண்டு ஆண்டுகள் கேடயம் வந்தது. அடுத்த ஆண்டு அரசாங்கத் தேர்வு முடிவை உயர்த்த வேண்டுமென்று புதிய கால அட்டவணை வகுத்தேன். மூவரும் திறமையானவர்கள், ஆகவே மூவரையும் பிரித்து, தளர்ந்திருந்த மூன்று வகுப்புகளுக்கு ஆளுக்கொருவராக அனுப்பினேன். பயிற்சி வேளைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. உரையாடல் எழுதுபவர் மாற்றல் கேட்டுப் போனார். "குழு இருக்கின்றது, நடத்துங்கள்" என்று நான் மற்ற இருவரிடமும் சொன்னது நினைவிருக்கின்றது. கேடயம் பள்ளியினுடையது, எனவே திறமையும் பள்ளியினுடையது என்று நம்பியிருந்தேன். தேர்வு முடிவு சிறிது உயர்ந்தது. அறிக்கையில் அதை எழுதிப் பாராட்டும் பெற்றேன். அதன்பின் அப்பள்ளியில் நாடகம் இல்லை. யாரும் அதை நிறுத்தும்படி ஆணையிடவில்லை.

இன்று அதே பள்ளிக்குத் தலைமையாசிரியனாகத் திரும்பியிருக்கின்றேன். இரண்டு கேடயங்களும் என் அறைக் கண்ணாடிப் பேழையில் இருக்கின்றன.

இதையெல்லாம் தொலைபேசியில் அவனிடம் சொன்னேன். 'செம்மையாகச் செய்தால் அசைக்க முடியாது' என்று வகுப்பில் சொன்னதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கின்றேன் என்றும் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. "ஔவையார் நாடகம்தானே, ஐயா? நான் அதியமான்" என்றான். எனக்கு அது நினைவில்லை, இருந்ததாகக் காட்டிக்கொண்டேன். அலுவலகத்தில் உடனிருந்த நால்வரோடு வாடகை அறை ஒன்றை எடுத்திருப்பதாகவும், சிறியதொரு விளையாட்டைத் தொடங்கியிருப்பதாகவும் கூறினான். பணம் எதுவரை வரும் என்று கேட்டேன். ஆறு மாதம் என்றான். பெரியவர் எவரேனும் வாங்க வந்தால் கொடுப்பீர்களா என்று கேட்டேன். சிரித்தான். "சம்பளம் கொடுக்க முடியாத மாதத்தில் கேட்டால் கொடுத்துவிடுவோம், ஐயா" என்றான்.

பிறகு, அந்த நாடகத்தில் அணிந்த தங்கத்தாள் ஒட்டிய அட்டை மகுடம் பண்டக அறையில் இருக்குமா, பார்த்து வரைய வேண்டும் என்று கேட்டான். தேடிப் பார்க்கின்றேன் என்றேன். மறுநாள் காலை அவ்வறைக்குச் சென்றேன். பூட்டியிருந்தது. சாவி யாரிடம் இருக்கின்றதென்று அலுவலகத்தில் எவருக்கும் தெரியவில்லை. சிற்றுண்டிச்சாலை அம்மையாரைக் கேட்டுப் பாருங்கள் என்றார் எழுத்தர். அவர் ஓய்வுபெற்று நான்காண்டுகள் ஆகின்றன. வீடு பள்ளிக்குப் பின்புறம், மூன்றாவது வரிசையில்.